அதிரச எண்ணெயில் கடைந்த ஆணி

நான் கடைந்த ஆணி ஒன்றை எறும்பு தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. இரும்பு ஆணி. இன்ஸ்பெக்டர் அளவு பார்த்து பாஸ் செய்த ஆணி. தூக்கியது ஒரே ஒரு கட்டெறும்பு. அதுவும் கொஞ்சம் வயதான எறும்பாகத்தான் எனக்குப் பட்டது. செங்குத்துச் சுவரில் ஏறி, ஜன்னல் சட்டத்தைத் தாண்டி, போகிற போக்கில் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். பென்ஷன்காரனுக்கு நேரத்துக்கு என்ன குறை? காத்திருக்கிறேன்.

என் பெயர் செங்கல்வராயன். ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில் லேத்தில் இரும்பு கடைகிற டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே நான் கடைந்ததெல்லாம் யானைக்குட்டி பருமன். கிரேன் வைத்துத்தான் லேத்தில் ஏற்றுவோம். ஒரு தரம் சீவினால் உதிர்கிற சுருளை நீட்டிப் பிடித்தால் பட்டாபிராம் வரைக்கும் போகும். ஓய்வு பெற்ற கையோடு எனக்கு நேர் எதிர்த்திசையில் பைத்தியம் பிடித்தது. சின்னதாகச் செய்ய வேண்டும். எவ்வளவு சின்னது என்றால், செய்துவிட்டேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வருகிற அளவுக்கு. மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டறையைக் காலி செய்தார்கள். அங்கே மடியில் வைத்துக் கொஞ்சுகிற மாதிரி ஒரு குட்டி லேத் கிடந்தது. அதை வாங்கி, ஷேர் ஆட்டோவில் ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, அதற்கும் ஒரு ஆள் சார்ஜ் கொடுத்து, பருத்திப்பட்டு வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

வீட்டில் இரண்டு பாத்ரூம். பின்பக்கத்துப் பாத்ரூமில் லேத் குடியேறியது. இரண்டு பாத்ரூம் இருந்தும் காலையில் வரிசையில் நிற்கிற குடும்பம் இந்தத் தெருவிலேயே எங்களுடையது மட்டும்தான் என்று என் மனைவி வனஜா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். சொல்லட்டும். அந்த லேத்தின் நேர்த்தி அவளுக்கு எங்கே தெரியும்? ஓடும்போது அதன் தலையில் ஒரு ரூபாய் நாணயத்தை நிமிர்த்தி வைத்தால் நாணயம் நின்றபடியே தூங்கிப்போகும். வனஜாவின் தலைமுடி ஒன்றை நீளவாக்கில் நாலாக வகிர்ந்திருக்கிறேன். மூன்றுதான் என்பாள். அவள் எண்ணிய நேரத்தில் ஒன்று பறந்துவிட்டது.

நான் சொல்வதை ஊரில் முக்கால்வாசிப் பேர் நம்புவார்கள். அல்லது நம்பியதாகச் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். நிஜாமுதீன் ஒருத்தர்தான் உட்கார்ந்து மறுப்பார்.

அவர் அதே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். நாங்கள் கடைந்து அனுப்பும் உருப்படிகளை அளந்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். முடி அளவு தப்பினாலும் சிவப்புப் பெயின்ட் தொட்டு ஒரு பொட்டு வைத்துவிடுவார். பொட்டு வைத்துவிட்டால் அது குப்பை. ஒருமுறை கேன்டீன் வடை வட்டமாக இல்லை என்று அதன் மேலும் பொட்டு வைத்தார் என்று நான் சொல்வேன். இல்லை என்று அவர் சொல்வார். இரண்டு பேரும் ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. பூந்தமல்லியிலிருந்து வாரம் ஒருமுறை வருவார். நான் ஏதாவது சொல்வேன். அவர் ஆள்காட்டி விரலை உயர்த்திக் காற்றில் ஒரு பொட்டு வைப்பார். "ரிஜெக்ட்."

அந்த வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு காது மிஷின்.

"இன்னா பாய், யார் காதை அறுத்துகினு வந்தே?"

"கத்தாதடா ராயா. உள்ள வனஜாம்மா காதுல வுழுந்தா ஜுபைதாவுக்குப் போன் போயிடும்."

"அண்ணிக்குத்தான் மிஷினே இங்க கீதே, போன் போனா மட்டும் எப்படிக் கேக்கும்?"

அதற்கு அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் பெரிது என்று புரிந்தது.

அவர் மனைவி ஜுபைதா அண்ணிக்குக் காது மிஷின் இல்லாமல் எதுவும் கேட்காது. மிஷினில் பேட்டரி வைக்க ஒரு குட்டிக் கதவு உண்டு. அது இறுக்கமாகத் திறக்கிறது என்று மனிதருக்கு ஒரு சந்தேகம். எதையும் சோதித்துப் பார்க்காமல் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது. குண்டூசியால் லேசாகத் தட்டியிருக்கிறார். கதவைப் பிடித்திருந்த ஆணி எகிறிப் போய்விட்டது.

"கட்டில் கீழ, பீரோ கீழ, செருப்புக்குள்ளகூடத் தேடிட்டேன். கடைல கேட்டா அந்தக் கதவு வெளிநாட்டுலேர்ந்து வரணுமாம். கல்யாணம் முடிஞ்சு, மறுவீட்டு விருந்தும் முடிஞ்சப்புறம்தான் வருமாம்."

ஞாயிற்றுக்கிழமை அவருடைய பேத்தி இஃபத்துக்கு நிக்காஹ். பெண்கள் பக்கம் வந்து மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள். அவள் சொல்கிற அந்த ஒரு வார்த்தையைக் காதால் கேட்க வேண்டும் என்று ஜுபைதா அண்ணி மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரியாணியில் உப்பு இருக்கிறதா, புடவையில் சரிகை இருக்கிறதா, எதுவும் அவருக்குக் கவலையில்லை. அந்த ஒரு வார்த்தை போதும்.

"அண்ணிகிட்ட இன்னா சொல்லி வச்சிருக்கே?"

"சர்வீசுக்குக் குடுத்திருக்கேன்னு எழுதிக் காட்டினேன். நான்தான் உடைச்சேன்னு தெரிஞ்சுதுன்னு வையி... கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ எதைத் தொட்டாலும் 'பாத்து, பாத்து'ன்னு சொன்னவன்டா நானு. அப்பால என் கைல தண்ணி டம்ளரைக்கூட நம்பிக் குடுக்க மாட்டா."

சேஃப்டி பின்னை வெட்டிச் சொருகி, தன் காதில் வைத்துப் பார்த்தாராம். கதவு ஆடியது. ஒரு வார்த்தை கேட்டால் இரண்டு வார்த்தை காணாமல் போகிறது. நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். காரணம் தெரிந்தது. கதவில் ஒரு பக்கத்து ஓட்டை கொஞ்சம் பெரிது, மறுபக்கம் சிறிது. ஆணியும் அப்படியே ஒரு முனை தடித்து, மறுமுனை மெலிந்து இருக்க வேண்டும். கடுகுக்குக் கால் முளைத்தால் எவ்வளவு பெரிய கால் முளைக்கும்? அவ்வளவுதான் ஆணி.

"முடியுமாடா?"

"பாய், இதைவிடச் சின்னதா செஞ்சு கொசுவுக்கு மூக்குத்தி போட்டிருக்கேன்."

விரலை உயர்த்தினார். பொட்டு வைக்காமல் இறக்கிக்கொண்டார். "நாளைக்குக் காலைல வரேன்," என்றார்.

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். அவர் பாத்ரூமில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். தரையில் இருந்த தண்ணீர் ஓட்டையை நான் துணி வைத்து அடைத்தேன்; விழுகிறது எதுவும் நேராக அங்கேதான் உருளும். பழைய சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை லேத்தில் பிடித்தேன். உளியை முகம் பார்க்கிற அளவுக்குத் தீட்டினேன். அப்போதுதான் கடைசல் எண்ணெய் டப்பா காலி என்பது தெரிந்தது. இரும்பைச் சீவும்போது ஒரு சொட்டாவது எண்ணெய் விடாவிட்டால் முனை கருகிவிடும்.

"வனஜா, கொஞ்சம் தேங்கா எண்ணெய் குடு!"

"தேங்கா எண்ணெய் விக்கிற விலைக்கு உங்க இரும்புக்கு அபிஷேகம் கேக்குதா?"

அவள் சமையலறையில் இஃபத் கல்யாணத்துக்குக் கொண்டுபோக அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தாள். சுட்டு மிஞ்சிய எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். எண்ணெய் எண்ணெய்தானே? தொட்டு விட்டேன். அன்றைக்கு என் பட்டறையில் இரும்பு ஏலக்காய் வாசனையோடு வெந்தது.

மெல்லிய ஆணியைக் கடைவதில் ஒரு சூட்சுமம். கம்பியை நீளமாக வெளியே விட்டால் உளி தொட்டதும் வளைந்துவிடும். நகக்கண் அளவு வெளியே இழுத்து, ஒரே சீவலில் கடைசி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு இன்னும் ஒரு நகக்கண் இழுத்து, இன்னும் ஒரு சீவல். மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்ய வேண்டும். அன்று நான் மூச்சு விட்டது மொத்தமே இரண்டு தடவையோ மூன்று தடவையோ.

முதல் ஆணி வளைந்தது. அடுத்தது அறுக்கும்போது எகிறியது. இன்னும் வானத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கடுத்ததை நிஜாமுதீன் தன்னுடைய மைக்ரோமீட்டரில் வைத்து அளந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் அதைத்தான் வைத்திருப்பார்.

"மெலிஞ்ச பக்கம் அளவு ஜாஸ்தி. ரிஜெக்ட்."

"பாய், உன் பொண்டாட்டி காதுடா இது! கொஞ்சம் வுட்டுக் குடு."

"அதனாலதான் ரிஜெக்ட். பொட்டு வைக்கலாம்னு பாத்தா, வைக்க எடமே இல்லாம செஞ்சு வச்சிருக்கே."

மத்தியானம் சாப்பாட்டையும் தள்ளிவைத்துவிட்டு நான் கடைந்த ஆணியை அவர் திருப்பித் திருப்பி அளந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அதை மஞ்சள்தூள் டப்பா மூடியில் வைத்து, ஏதோ கசப்பு மருந்தை விழுங்குவதுபோல, "பாஸ்," என்றார். தொழிற்சாலையில்கூட என் கண்ணெதிரே அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. முத்திரை குத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சாயங்கால அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. வந்து ஆணியை மாட்டிக்கொள்ளலாம் என்று அவர் பள்ளிவாசலுக்குப் போனார். மூடியை வெளிச்சத்துக்காக ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, நான் அதிரசத்தின் தரத்தைச் சோதிக்கச் சமையலறைக்குப் போனேன். சோதனை கொஞ்சம் நீண்டுவிட்டது.

திரும்பி வந்தபோது மூடி காலி. ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் என் ஆணி ஏறிக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு கட்டெறும்பு. மாரியம்மன் கோயில் தேர் மாதிரி ஆணி இப்படியும் அப்படியும் ஆடி ஆடிப் போனது. நான் இடுக்கியை எடுத்து நீட்டுவதற்குள் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த விரிசலுக்குள் நுழைந்துவிட்டது. கடைசியாக ஒரு மினுக்கு. அவ்வளவுதான்.

நிஜாமுதீன் வந்தார்.

"பாய், கோச்சுக்காத. ஆணியை எறும்பு தூக்கிகினு போயிடுச்சு."

என்னைப் பார்த்தார். காலி மூடியைப் பார்த்தார். விரல் பாதி வரைக்கும் எழுந்து அப்படியே நின்றது. வாளி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தமாஷ் பண்ற நேரமாடா ராயா இது?"

"சத்தியமாடா!"

"உன் சத்தியம் எனக்குத் தெரியாதா? கைதவறிப் போட்டுட்டே. ஓட்டைல போயிடுச்சு. 'தவறவுட்டுட்டேன்'னு சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நானும்தானே தவறவுட்டேன்? ஆனா எறும்பு மேல பழி போடாதே."

இன்னொன்று கடைந்து தருகிறேன் என்று சுவிட்சைப் போட்டேன். லேத் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. முனையில் இருக்கும் டிரான்ஸ்பார்மரில் ஒரு காகம் கவனமில்லாமல் உட்கார்ந்துவிட்டதாம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கையால் சுற்றியே கடைந்துவிடுவேன் என்றேன். அந்தப் பெருமையை எனக்கே நம்ப முடியவில்லை.

அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, ஓட்டையை அடைத்திருந்த துணியை எடுத்து உதறினார். என் காந்தக்கட்டையை ஓட்டைக்குள் விட்டுத் துழாவினார். வனஜாவின் கொண்டை ஊசி ஒன்று வந்தது. வேறு எதுவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு துழாவிக்கொண்டேயிருந்தார். எத்தனையோ உருப்படிகளைக் குப்பையில் தள்ளிய கை, அன்றைக்கு ஒரு கடுகுக் காலுக்காகச் சேற்றில் கிடந்தது. நான் நூறு பொய் சொன்னபோதெல்லாம் அவர் சிரித்தபடி மறுத்தார். ஒரு நிஜத்தைச் சொன்னதும் மனிதருக்குக் கண் கலங்குகிறது.

சத்தம் கேட்டு வனஜா வந்தாள். நடந்ததைக் கேட்டாள்.

"எந்த எண்ணெய்ல கடைஞ்சீங்க?"

"நீ குடுத்தியே, அதுதான்."

"அதிரச எண்ணெய்லயா? பாய்ண்ணே, இவர் சொல்றது எதையும் நானும் நம்பறதில்ல. ஆனா அந்த எண்ணெய்ல வெல்லம் இறங்கியிருக்கு. அது சொட்டினா எங்க ஊட்டு எறும்பு அம்மியைக்கூட நகத்திடும்."

அவள் ஒரு அதிரசத்தைக் கிள்ளி ஜன்னல் கட்டையில் வைத்தாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். விரிசலிலிருந்து எறும்புகள் வந்தன. துணுக்குகளை எடுத்துக்கொண்டு அதே விரிசல் வழியாக வெளியே போயின. நாங்களும் கொல்லைப்பக்கம் ஓடினோம். வரிசை சுவரில் இறங்கி, பப்பாளி மரத்தடியில் ஒரு பொந்துக்குள் போனது. பொந்தின் வாயில் சின்னதாக ஒரு மண் குவியல். பூச்சி இறக்கை, தவிடு என்று எறும்புகள் வேண்டாததை எல்லாம் கொண்டுவந்து கொட்டுகிற இடம்.

நான் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி நிஜாமுதீனிடம் கொடுத்தேன். "நீயே தடவு. நான் தடவுனா மறைச்சு வச்சிருந்தேன்னு சொல்லுவே."

தடவினார். காகிதத்தில் கருமண் ஒட்டியது. மறுபடி தடவினார். கருமண்ணுக்கு நடுவில் ஒன்று மினுங்கியது.

"யா அல்லாஹ்," என்றார்.

அதைக் கைக்குட்டையில் வைத்து, துவைக்கிற கல்லின் மேல் பரப்பினார். லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். ஒரு முனை தடி, மறுமுனை மெலிவு. அவரே பாஸ் செய்த ஆணி. ஆனாலும் மனிதர் விடுவாரா?

"ஆணி கெடைச்சுடுச்சு, அது சரி. எறும்பு தூக்கினதுக்கு இன்னா சாட்சி? ஜன்னல்ல வச்சே. காத்து அடிச்சிருக்கும். இங்க வந்து வுழுந்திருக்கும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கல்லின் ஓரத்திலிருந்து ஒரு எறும்பு கைக்குட்டை மேல் ஏறியது. ஆணியைச் சுற்றி வந்தது. முகர்ந்தது. நடுவில் கவ்வியது. தூக்கியது. நடந்தது. லென்ஸ் கண்ணிலேயே இருக்க, நிஜாமுதீன் குனிந்த முதுகோடு அதன் கூடவே நகர்ந்தார். வாய் திறந்திருந்தது. கைக்குட்டையின் விளிம்பு வரைக்கும் அதைப் போகவிட்டுவிட்டு, சட்டென்று ஆணியைப் பிடுங்கிக்கொண்டார்.

"பாத்தியா பாய்?"

"இன்னாத்த?"

"எறும்பை!"

"நான் கண்ணாடி போடல," என்றார், லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே.

ஆணியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நானே கதவில் மாட்டினேன். பேட்டரியை வைத்து மூடியபோது 'டிக்' என்று ஒரு சத்தம். அதைவிட நல்ல சங்கீதத்தை நான் எந்த சபாவிலும் கேட்டதில்லை. மிஷினை உள்ளங்கையில் பொத்தியதும் விசில் அடித்தது. உயிர் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நிஜாமுதீன் என் தோளைப் பிடித்து அழுத்தினார். நன்றி என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவரை நானே ரிஜெக்ட் செய்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் கல்யாண மண்டபம். வனஜா பெண்கள் பக்கம் போய் ஜுபைதா அண்ணியோடு உட்கார்ந்தாள். அவள் பிறகு சொன்னது இது: சம்மதம் கேட்டபோது இஃபத் வெட்கத்தில் முந்தானைக்குள் முனகினாள். தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தோழிக்கே கேட்கவில்லை. எல்லோரும் "சொன்னாளா, சொன்னாளா?" என்று பார்க்க, ஜுபைதா அண்ணிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லிட்டா, சொல்லிட்டா, நான் கேட்டேன்," என்றாராம்.

பந்தியில் எனக்கு எதிரே மாப்பிள்ளையின் தாய்மாமன் அஜ்மல். பக்கத்தில் நிஜாமுதீன். பிரியாணி நன்றாக இருந்தால் என் நாக்கு நிற்காது. எறும்புக் கதையை எடுத்துவிட்டேன். எந்த மிஷின், யாருடைய மிஷின் என்பதை விட்டுவிட்டு, ஒரு காது மிஷின் என்று மட்டும் சொன்னேன். தேர் ஆடியது, கிழட்டு எறும்பு திரும்பிப் பார்த்தது, எல்லாம் சொன்னேன்.

அஜ்மலுக்குப் புரையேறிவிட்டது. "அண்ணாத்தே, ஆவடில எறும்புக்கெல்லாம் ஜிம் வச்சிருக்காங்களா?"

பந்தியே சிரித்தது. நிஜாமுதீன் மட்டும் கத்தரிக்காயை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆணி எந்த மிஷினுக்கு அண்ணே?"

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் ஜுபைதா அண்ணி. விருந்தாளிகளைக் கவனிக்க வந்தவர், மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்தே என் கதை முழுவதையும் கேட்டுவிட்டிருக்கிறார். நான் கடைந்த ஆணி அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது! எனக்குப் பெருமைப்படவும் முடியவில்லை.

"இவர் சர்வீசுக்கு இல்ல குடுத்தேன்னாரு?" என்று அண்ணி கணவரைப் பார்த்தார்.

நிஜாமுதீனின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டார் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். வாழ்நாளிலேயே நான் சொன்ன ஒரே உண்மைக் கதையை எடுத்து நானே குப்பையில் போட்டேன்.

"அண்ணி, நான் சும்மா டூப் வுட்டேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு? ஆணியும் இல்ல, எறும்பும் இல்ல."

"அதானே பாத்தேன்!" என்று அஜ்மல் மேசையைத் தட்டினார். அண்ணியும் சிரித்துவிட்டார். எல்லாம் முடிந்தது. நிஜாமுதீன் தப்பித்துவிட்டார். அவர் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு கத்தரிக்காயைச் சாப்பிடுவதுதான்.

ஆனால் அளவு தப்பின உருப்படி ஒன்று கண்ணெதிரே பாஸாகிப் போவதை அந்த மனிதரால் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"இல்ல ஜுபைதா. உன் மிஷினை நான்தான் உடைச்சேன். ஆணி செஞ்சது இவன். எறும்பு தூக்கினதும் நெசம். நான் லென்ஸ் வச்சுப் பாத்தேன்."

அண்ணி அவரையே பார்த்தார். பிறகு அவர் முன்னாலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து, மெதுவாக, ஒரு சாண் தள்ளி வைத்தார்.

"பாத்து," என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் மண்டபத்தின் மின்விசிறிகள் எதிர்ப்பக்கம் சுற்றின. நிஜாமுதீன் ஆள்காட்டி விரலை உயர்த்தி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கெழட்டு எறும்புன்னு சொன்னியே, அது மட்டும் ரிஜெக்ட். நல்ல வயசு எறும்பு. மத்ததெல்லாம் நடந்துச்சு."